கதவுப் பக்கம்

தன் கண்ணுக்குத் தப்பிய செல் இன்னும் பிறக்கவில்லை என்பது ஆய்வக டாக்டரின் தீர்மானமான கருத்து. அன்றைய கண்ணாடித் தகட்டில் கடுகைக் கொட்டியதுபோல் உருண்டைச் செல்கள். எல்லாம் ஒரே ஜாடை. எந்த அரிய சார்கோமா புற்று என்று மரபணுச் சோதனை சொன்னால்தான் உண்டு. அதையெல்லாம் தன் கண்ணுக்குத் தப்பியதாக அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

டெக்னீஷியன் அக்கா கிளம்பும்போது தகட்டிடம், "போயிட்டு வரேன்," என்றாள்.

"செத்த செல்லுக்குக் காது எங்க இருக்குக்கா?"

"சொல்லாம போனா தேடும், டாக்டர்."

விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அக்கா அவசரத்தில் சொல்லாமல் போய்விட்டாள். அடுத்த காலை, சாயமேறி ஒட்டிக்கிடந்த செல்கள் மொத்தமும் தகட்டின் ஓரத்தில், கதவுப் பக்கமாகக் கூடியிருந்தன. லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். கூடித்தான் இருந்தன.

அவர் வீட்டில் அவரைத் தேட ஒருவரும் இல்லை.

மாலையில் விளக்கை அணைத்தார். வராந்தாவில் ஆளில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தகட்டின் பக்கம் குனிந்தார்.

"போயிட்டு வரேன்."