நாற்பது விநாடி

வரப்போகும் எலக்ட்ரானிக் ஆல்பங்களிலிருந்து கசிந்த துண்டு எது கிடைத்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். யாருடையதென்று மற்றவர்கள் கண்டுபிடிப்பார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். செவ்வாயன்று ஜெரால்டு போட்டது நாற்பது விநாடி ஓடியது. மெஷின் இரைச்சல், நடுவே இழுத்து இழுத்து நின்றுபோகும் காற்று. பரிதிதான் முதலில் எழுதினான்: "செமடா. அந்தக் கேப்புலதான் மியூசிக் போட்டவன் நிக்கிறான். முழுசாப் போடு." ஜெரால்டு பதில் போடவில்லை.

வியாழனன்று சவப்பெட்டியருகே ஜெரால்டின் அக்கா சொன்னாள்: "வீட்ல தனியா இருந்திருக்கான். ஆஸ்துமா மெஷின் வச்சும் அடங்கல. பேச முடியாமத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கான்."

திரும்பும் பஸ்ஸில் பரிதி ஹெட்போனை மாட்டி அதை மறுபடி கேட்டான். காற்று நிற்கும் இடம் வந்தபோது அவன் தலை தானாகத் தாளத்துக்கு ஆடியது.