நாற்பத்தோராவது கண்ணாடி

"விக்னேஸ்வரன் அண்ணன்தான் எழுதியிருக்கணும் மேடம். லேபை விட்டுக் கோவத்துலதான போனாவ?"

"மொட்டைக் கடுதாசிக்கு ஆளத் தேடி என்னட்டி செய்யப் போற? விசாரணைக்குச் சார் வந்ததும் சோதனையைச் செஞ்சு காட்டு. வழக்கமா எப்படிச் செய்வியோ, அப்படியே. வேற எதுவும் வேண்டாம்."

பேராசிரியர் வெங்கடேஸ்வரி நிதானமாகத்தான் சொன்னார். அவருடைய ஆய்வு மாணவி ஜெபாதான் மின்கம்பிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள்.

கார்பசோல் என்ற வேதிப்பொருளின் கரைசலில் மின்கடத்தும் கண்ணாடித் துண்டை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், அதன்மேல் மெல்லிய படலம் படியும்; யூவி விளக்கில் காட்டினால் அந்தப் படலம் பளிச்சென்று நீலமாக ஒளிரும். ஐந்து வருடங்களுக்கு முன் வெங்கடேஸ்வரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை அது. அது பொய் என்றுதான் பல்கலைக்கழகத்துக்குப் புகார் போயிருந்தது.

ஜெபா நாற்பது தடவை செய்து பார்த்துவிட்டாள். படலம் படிந்தது. ஒளிரவில்லை. குறை தன் கையில்தான் என்று நம்பினாள்.

ராஜபாளையம் நூற்பாலையில் அப்பாவின் கை இயந்திரத்தில் சிக்கியபோது, படிப்பை விட்டுவிட்டு அதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஷிஃப்ட் முடியும்வரை ஆலை வாசலில் வெயிலில் நின்று, கையோடு கூட்டிப் போனவர் வெங்கடேஸ்வரி. அவர் பெயர் தன் கையால் கெடுவதா?

அவளுடைய கோட்டுப் பையில் இன்னொரு கண்ணாடித் துண்டு இருந்தது. கடையில் வாங்கிய ஒளிரும் பாலிமரைக் கரைத்து நேற்றே பூசி வைத்திருந்தாள்.

விசாரணைக்கு வந்த நவநீதகிருஷ்ணன் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பச்சைப் படலம் மெல்லப் படர்ந்தது.

"அடுத்து கரண்டைத் திருப்பி விடணும், இல்லையாம்மா?"

"ஆமா சார்."

பச்சை வெளிறியது. "கழுவிட்டு வாரேன் சார்."

தொட்டிக்குப் போய் முதுகைத் திருப்பி நின்றாள். கையில் இருந்தது கழிவுக் கேனுக்குள் விழுந்தது. பையில் இருந்தது கைக்கு வந்தது. அதைச் சொட்டச் சொட்ட நனைத்து எடுத்து வந்தாள்.

நவநீதகிருஷ்ணன் எழுந்து விளக்கை அணைத்தார். யூவி வெளிச்சத்தில் கண்ணாடி நீலமாகச் சுடர்விட்டது. இருட்டில் வெங்கடேஸ்வரியின் மூச்சு ஒரு கணம் நின்று வந்தது.

"இதுக்கு மேல என்ன வேணும்? புகாரை முடிச்சு வச்சிடுறேன் மேடம்." அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"சார், செத்த இருங்க. நான் வந்து…"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மேடம். எவனோ எழுதினதுக்கு உங்களுக்கு வீண் மனக்கஷ்டம்." கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கார் மதுரை ரோட்டில் திரும்பும் வரை வெங்கடேஸ்வரி ஜன்னலருகிலேயே நின்றார்.

"தப்பிச்சோம் மேடம்," என்றாள் ஜெபா.

அவர் வந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "கடையில வாங்கிப் பூசுனது. அப்படித்தான?"

"மன்னிச்சிருங்க மேடம். என் கைக்கு அது வர மாட்டேங்குது. அதுக்காக உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான்…"

"உன் கையில ஒரு குறையும் இல்லட்டி. கட்டுரையில நான் போட்ட படமும் இதே கடைச் சரக்குதான்." வெங்கடேஸ்வரி நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு வருஷமா வெளியில சொல்ல வாய் வரல. அதான் அந்த மொட்டைக் கடுதாசியை நானே எழுதிப் போட்டேன்."