சுவிட்ச் சத்தம்

"இங்கே வெளிச்சம் தெரியுதுங்கிறீங்க. வீட்டுல மட்டும் ஏன் தெரியலை?"

நல்லகாமனின் விழித்திரையில் பொருத்திய சிப்பையும் அதற்குப் படம் அனுப்பும் கேமராக் கண்ணாடியையும் ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் மாதங்கி கேட்டாள்.

"ஜன்னல் இல்லாத ரூமு தாயி. ஆனா மருமக லைட்டப் போடுதே, சுவிட்ச் சத்தம் கேக்குது. எனக்குத்தான் இருட்டா இருக்கு."

"வீட்டுல உதவாத சிப்பு எதுக்கு? எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

மனசு கேட்காமல் மாதங்கி நல்லகாமனோடு செல்லூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். அறைக்குள் நுழைந்ததும் நல்லகாமன் குரல் கொடுத்தார்.

"தமிழு, லைட்டப் போடும்மா."

"போட்டாச்சு மாமா!" வெளியே டக்கென்று சுவிட்ச் சத்தம் கேட்டது.

அறை இருட்டாகவே இருந்தது. மாதங்கி செல்போன் டார்ச்சை அடித்தாள்.

"ஆத்தி! இப்பத் தெரியுது தாயி!"

மேலே காலி ஹோல்டரில் ஒட்டடை தொங்கியது.

எட்டிப்பார்த்த மருமகள் தமிழ்ச்செல்விக்கு முகம் சுண்டிப்போனது.

"கண்ணு தெரியாதவருக்கு எதுக்குன்னு பல்பை அப்பவே கழட்டிட்டோம். மனசு நோகக் கூடாதுன்னு சுவிட்சை மட்டும் தட்டுவேன். ஆப்ரேசன் முடிஞ்சதும் மாட்டலாம்னுதான் இருந்தோம். வீட்டுல ஒண்ணும் தெரியலைன்னு இவருதானே சொன்னாரு!"

நல்லகாமன் தன் கேமராக் கண்ணாடியைக் கழற்றி மாதங்கியிடம் நீட்டினார்.

"சிப்பு நல்லாத்தான் இருக்கு தாயி. வீடுதான் இருட்டு. எடுத்துரச் சொல்லுங்க."