இரண்டு கிலோ

"ரெண்டு கிலோவா!"

நந்தனம் ஆபீஸில் செல்போனைப் பார்த்த கிளிஃபர்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று ஐம்பத்தெட்டு. இன்று அறுபது!

அப்பா விக்டருக்கு எண்பத்தோரு வயது. இதயம் இனி தேறாது என்று சொல்லிவிட்ட டாக்டர், மூச்சுத் திணறாமல் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று நர்ஸ் ஜொவிட்டாவை ஏற்பாடு செய்திருந்தார். தினமும் காலையில் அம்மா எடை மெஷினைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். எடை திடீரென்று ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம்.

மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது! பைக் சாந்தோமுக்குப் பறந்தது.

வாசலிலேயே அம்மா ஐரின் மாட்டிக்கொண்டாள்.

"மம்மி, உப்பு ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது? கருவாடு பொரிச்சுக் குடுத்தீங்களா?"

"ஒரே ஒரு துண்டுப்பா..." ஐரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரைக் கொல்லவா பாக்கறீங்க?"

உள்ளே விக்டருக்கோ ஒரே குஷி. "வாடா, வாடா! உக்காரு! என் பேத்தி ஃபுட்பால் டீம்ல செலக்ட் ஆயிட்டாளாமே? ஐரின், இவனுக்குக் காபி போடு!" மூச்சு வாங்கியது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

அதற்குள் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஜொவிட்டா, அவர் காலை அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் கூடவில்லை. ஸ்டெதாஸ்கோப் வைத்தாள். நெஞ்சிலும் நீர் இல்லை. கைத்தாங்கலாக மெஷின் வரை அழைத்துப்போய் நிற்க வைத்தாள்.

ஐம்பத்தெட்டு!

"அடச்சே, மெஷின் கோளாறு!" கிளிஃபர்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இன்னிக்கே புதுசு ஆர்டர் பண்றேன். சரி டாடி, மீட்டிங் இருக்கு, கிளம்பறேன்."

விக்டரின் முகம் வாடிப்போனது. அதை ஜொவிட்டா கவனித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்க. போட்டோவை நம்பி நான் நீர் மாத்திரையைக் கூட்டியிருந்தா அங்கிள் கதி என்ன?"

"ஐயோ, மாத்திரைன்னு சொல்லியிருந்தா உடனே ஒத்துக்கிட்டிருப்பேம்மா! கருவாடே பொரிக்கலை!" ஐரின் பதறினாள்.

"அப்போ எடை எப்படி ஏறிச்சு?" என்றான் கிளிஃபர்டு.

"அவளைத் திட்டாதீங்க, நான்தான்," என்றார் விக்டர். "ரெண்டு சர்க்கரை பாக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ஏறி நின்னேன். என்ன பண்றது? இவன் வீடு இங்க பக்கத்துல இருக்கற கோட்டூர்புரம். இவன் வந்து ஒரு மாசமாச்சு. எடை ஏறினாத்தானே என் புள்ள வீட்டுக்கு வர்றான்!"