பலராமன், வயது நாற்பத்திரண்டு

"செத்தவர் பேரு?" என்று ஆஸ்பத்திரி குமாஸ்தா கேட்டார்.

அவர் கையிலிருந்த சீட்டிலேயே பலராமன், வயது நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. வழக்கத்துக்காகக் கேட்டார்.

பலராமன் நான்தான்.

உள்ளே வராந்தாத் தரையில் கிடப்பவன் என் தம்பி காத்தவராயன். அவன் உடம்பைச் சுற்றி வைத்த ஐஸ் இன்னும் முழுதாகக் கரையவில்லை.

மில்லில் இது எங்களுக்குள் புதிதல்ல. ஒருவனுக்கு உடம்பு முடியாவிட்டால் அவன் டோக்கனை எடுத்துக்கொண்டு அண்ணனோ தம்பியோ ஷிப்டுக்குப் போவான். பித்தளை டோக்கனில் நம்பர்தான் இருக்கும், முகம் இருக்காது. மேஸ்திரிக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியாது.

எண்பத்து மூன்றில் மழை சுத்தமாகப் பொய்த்தது. சித்திரை பிறக்கும் முன்பே கத்திரி வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலியார்பேட்டையில் கிணறுகளின் அடி தெரிந்தது. சாயங்காலமானால் வரும் கடல்காற்றும் வரவில்லை. மேல்காற்று ஒன்றுதான், அதுவும் அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல.

காற்று காய்ந்தால் நூல் அறும். நூல் அறாமலிருக்கத் தறிக்கூடத்து ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே நீராவியை விட்டார்கள். நூலுக்கு அப்படி ஒரு உபசாரம். நாங்கள் வெந்தோம்.

செவ்வாய்க்கிழமை நான் தறி மேலேயே சாய்ந்தேன். வேர்வை நின்று தோல் சுட்டது. இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாளும் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"நீ படுண்ணா. நான் போய்ட்டு வந்துடறேன்" என்று தம்பி என் டோக்கனை மடியில் செருகிக்கொண்டான்.

முன்பு அவன் எனக்குப் பதிலாகப் போனதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான். இந்த வெயிலில் அந்தக் கூடம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் தடுக்கவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்கு வந்தது என் தம்பியோடு போயிற்று.

பதினொரு மணிக்கு விழுந்தானாம். மேஸ்திரி ஜானகிராமன்தான் ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு வந்து, டோக்கனில் உள்ள ஆளின் பெயரைச் சொல்லிச் சேர்த்திருக்கிறார். வேறென்ன செய்வார் அவர்.

"இந்த வாரத்துல இது ஆறாவது" என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். சீட்டில் காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று இருந்தது. வெயில் என்று எழுதும் வழக்கமில்லை போலிருக்கிறது.

குமாஸ்தா பிரெஞ்சுக்காரன் காலத்து ஆள். எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள்.

செத்த பிறகாவது அவன் தன் பெயரில் சாகட்டும் என்று தோன்றியது.

"முசே, அந்தப் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க, மை டப்பா எடுத்தாறேன்" என்று அவர் உள்ளே போனார்.

அப்போதுதான் கதவோரம் என் மனைவியோடு நின்றிருந்த தையல்நாயகி என் எதிரே வந்தாள். தம்பியின் மனைவி. பதினொரு வருஷத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. வீட்டில் நான் கூடத்தில் இருந்தால் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

"சொல்லாதீங்க மாமா."

குரல் நடுங்கவில்லை.

"அவருக்கு மில்லுல பேரே கெடையாது. உண்மையச் சொன்னா உங்க வேலையும் போயிடும். உங்க பேருல செத்தா, செத்தவரு எடத்துல தம்பிய எடுத்துக்குவாங்க. நீங்க அவரா போங்க. எம்புள்ளைங்க ரெண்டும் சோறு துன்னணும்."

தம்பியாக நான் அதே தறிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்கிறாள்.

குமாஸ்தா மை டப்பாவோடு வந்து, "சம்சாரம் யாரு?" என்றார்.

என் மனைவி தனக்கொடி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்னால் போனாள். நான் குத்துக்கல்லாக நிற்க, என் சாவுக்கு அவள் கைநாட்டு வைத்தாள். வைத்ததும் ஓவென்று அழுதாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. கொழுந்தனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

தையல்நாயகி சத்தம் போடவில்லை. புருஷனின் அண்ணன் செத்தால் ஒருத்தி எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழுதாள்.

"நீங்க யாரு?" என்று குமாஸ்தா என்னைக் கேட்டார். சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம்.

"தம்பி. காத்தவராயன்."

அவர் பேனாவால் தையல்நாயகியைக் காட்டினார்.

"அந்தம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எஞ் சம்சாரம்" என்றேன்.

குமாஸ்தா அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். சரி என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.