இத்தாலிக்கு ஒத்திகை

மஞ்சள் சட்டைக்காரர் வரும்வரை நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது.

காலையிலிருந்து என் கணவர் இதை நான்கு முறை சொல்லிவிட்டார், ஞானப்பாடம் ஒப்புவிக்கிற மாதிரி.

மொத்தம் பதின்மூன்று மோட்டார்சைக்கிள்கள். முன்னால் வழிகாட்டி பிர்கிட்டே. கடைசியில் மஞ்சள் சட்டைக்காரர். சந்தி வந்தால் பிர்கிட்டே தனக்கு அடுத்து வருபவரை அங்கே நிறுத்திவிட்டுப் போய்விடுவாள். அவர் நின்று, பின்னால் வருகிற எல்லோருக்கும் கையால் வழி காட்ட வேண்டும். ஜூனில் இத்தாலி மலைகளில் ஒன்பது நாட்கள் இப்படித்தான் ஓடப்போகிறார்கள். இன்று அதற்கு ஒத்திகை. பிழைவிட்டவருக்கு இந்த வருடம் இத்தாலி இல்லை.

ஒத்திகைக்குக் கிடைத்தவை மோல்ஸ் குன்றுகள். உயரம் நூற்றுச் சொச்சம் மீற்றர். டென்மார்க்கில் அதற்கே மலை என்று பெயர்.

இவர் பெயர் அந்தோனிதாசன். ரண்டர்ஸில் ஒரு களஞ்சியத்தில் பதினெட்டு வருடமாகப் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்று என் உயிரை வாங்குகிற மனிதர். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இத்தாலியின் டஸ்கனி வரைபடம் இரண்டு வருடமாக ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கப் போனாலும் அதில் ஒரு வளைவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

எனக்கு இத்தாலியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இலங்கையில் சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்லி ஆறு நாட்கள். வன்னியில் அகப்பட்ட என் தம்பி ஸ்ரான்லியிடமிருந்து நான்கு மாதமாக ஒரு சொல் இல்லை. அவன் மனைவி தங்கமலரும் இரண்டு பிள்ளைகளும் அவனோடுதான். வீட்டில் விட்டால் டிவிக்கு முன்னாலேயே கிடந்து அழுவேன் என்று இவர்தான் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார்.

போனை அணைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதும் பிர்கிட்டேயின் சட்டம். இவர் வைத்தார். நான் வைக்கவில்லை. ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன்.

உச்சியில் ஒரு சந்தி வந்தது. பிர்கிட்டே இவரை நிறுத்தி, வலப்பக்கம் என்று காட்டிவிட்டுப் பறந்தாள். மற்றவர்கள் கீழே ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் இறங்கிப் போய், ஒருவரும் வராத தெருவுக்குப் பொலிஸ்காரர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் என் நெஞ்சில் போன் அதிர்ந்தது.

“அக்கா, நான் ஸ்ரான்லி. நாங்கள் நாலு பேரும் உயிரோட இருக்கிறம்.”

நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிறகு உடனே வாயை மூடிக்கொண்டேன். அவன் வவுனியாவில் ஒரு முகாமில், யாருடையதோ போனை வாங்கி, கூடாரத்துக்குள் ஒளித்துக் குந்தியிருந்து கதைக்கிறான். சாதாரண நாளிலேயே அவனுக்குச் சின்னக் குரல். கோயிலில் வாசகம் வாசித்தால் இரண்டாம் வரிசை வாங்குக்குக் கேட்காது.

கீழே டிராக்டர் ஒதுங்கியிருக்க வேண்டும். பதினொரு மோட்டார்சைக்கிள்களும் ஒன்றாக ஏறி வருகிற உறுமல் கேட்டது.

சந்தியோரத்தில் இருந்த தபால்பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். மற்றக் காதைப் பொத்தினேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். மாதாவே, எந்த முகாம் என்பதையாவது கேட்க விடு.

உறுமல் நெருங்கியது. பிறகு எங்கேயோ திரும்பியது. மெலிந்து மெலிந்து இல்லாமலே போய்விட்டது.

ஏழு நிமிடம் கதைத்தோம். முகாமின் பெயர், கூடாரத்தின் இலக்கம் எல்லாம் சொன்னான். மகனுக்குக் காலில் காயம், ஆறிவிட்டதாம். மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாம். தங்கமலர் பக்கத்திலிருந்து மச்சாள் என்று கூப்பிட்டாள். ஒரு சொல்லும் எனக்குத் தப்பவில்லை.

கண்ணைத் திறந்தபோது சந்தியில் எங்கள் மோட்டார்சைக்கிள் மட்டும் நின்றது. இவர் கீழே இருந்து ஹெல்மெட்டும் சப்பாத்துமாக, மூச்சு வாங்க ஏறி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவருடைய ஹெல்மெட் இடித்து என் நெற்றி வீங்கியது. அதுகூட இனித்தது.

மற்றவர்கள் வந்து சேர அரைமணி நேரம் ஆனது. இவர் கீழே இறங்கி நின்று இடப்பக்கம் கைகாட்டிய வழியில் போய், எல்லோரும் ஒரு பன்றிப் பண்ணையின் முற்றத்தில் நின்றிருக்கிறார்கள். பண்ணைக்காரர் கோப்பி ஊற்றிக் கொடுத்தாராம்.

என் செய்தியைக் கேட்டதும் பதினொரு பேரும் வரிசையில் நின்று என்னைக் கட்டிப்பிடித்தார்கள். திரும்பி வந்த பிர்கிட்டே என்னைவிட அதிகம் அழுதாள். அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, இவரிடம் அடுத்த வருடம் பார்ப்போம் என்றாள். சந்தோஷத்தில் இடம் வலம் மறக்கிறவரை இத்தாலி மலையில் சந்திக்கு நிறுத்த முடியாதே.

இலங்கையில் இடப்பக்கம்தானே ஓடுவார்கள், அந்தப் பழக்கம் என்று மஞ்சள் சட்டைக்காரர் இவருக்காகப் பரிந்து பேசினார். ஊரில் இவர் ஓட்டியது சைக்கிள் மட்டும்தான். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எல்லோரிலும் அதிகமாக நான்தான் சிரித்தேன்.

வீடு திரும்பும் வழியில் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி ஆளுக்கொரு சொசேஜ் வாங்கினோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பதினெட்டு வருடம் போர்க்லிப்ட் ஓட்டியும் ஒரு பெட்டியை இடம்மாற்றி வைக்காத மனிதர், பதினொரு பேரை எப்படிப் பன்றிகளிடம் அனுப்பினார் என்று கேட்டேன்.

இவர் மீசையில் இருந்த கடுகுப்பசையைத் துடைத்தார். யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

“இஞ்சரப்பா, ஸ்ரான்லிக்குச் சின்னக் குரலெல்லோ.”