சிரட்டையில் சீனித்தண்ணீர்

ரப்பர் தோட்டத்துப் பனிமூட்டத்தில் இரண்டு தேன்பெட்டிகள் மிதப்பதுபோல நின்றன. அவற்றில் மழையில் நொடித்துப்போன ஒரு பெட்டிக்குத் தோட்டக்காரன் தினமும் ஒரு சிரட்டை சீனித்தண்ணீர் வைத்தான். அடுத்த பெட்டித் தேனீ செவந்திக்கு அது பொறுக்கவில்லை. சிரட்டையைக் கவிழ்த்தே தீருவது என்று பறந்து வந்தாள்.

"நாங்க றெக்கை தேய உழைக்கிறோம். நீங்க உட்கார்ந்த இடத்துல குடிச்சுக் கொழுக்கிறீங்க!"

சிறகு கிழிந்த தேனீ ஒருத்தி சிரித்தாள். "கொழுத்தவளை நல்லாப் பாருங்க! ஒரு வாய் குடிச்சுத்தான் பாருங்களேன், அக்கா."

செவந்தி குடித்தாள். சீனி பேருக்குத்தான் இருந்தது. ஆனாலும் கனவில் குடித்ததுபோல நாக்கிலேயே நின்றது.

"எங்க சாப்பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலையே!"

"அப்போ நீங்க சேர்த்த தேன்?"

செவந்தி யோசித்தாள். சேர்த்தது ஞாபகமிருந்தது, குடித்தது ஞாபகமில்லை. அங்கே பனிக்குள் தோட்டக்காரன் அவள் பெட்டியைத் திறந்து, தேனடைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான்.

சிரட்டையை அப்படியே விட்டுவிட்டு, கொடுக்கை நீட்டியபடி அவன் கையை நோக்கிப் பறந்தாள்.